அக்கா கடைக்கு மேலே ஓடிய ரயில்

குட்டிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ரயில்வேயில் பாலங்களைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர். வேலையாட்கள் அவளை 'மேடம்' என்பார்கள். அக்காவுக்கும் அக்கா கணவருக்கும் மட்டும் அவள் இன்னும் குட்டிதான். அக்காவின் ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அக்கா வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். கணவருக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார். ஆகவே, வீட்டில் அவளைப் பெரிய மனுஷியாக நடத்த ஆளே இல்லை.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முந்தைய சோதனையின்போது, ஊரின் பழைய கல் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து தூக்குக் குண்டை இறக்கினாள். சுவரை ஒட்டி நேராகத் தொங்க வேண்டிய நூல் பாதி வழியில் கல்லில் இடித்து, அதற்குக் கீழே அந்தரத்தில் ஆடியது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"மேடம், சுவத்துக்குத் தொப்பை விழுந்திருக்கு."

குட்டி இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். தொப்பைக்கு நேர் கீழே, வளைவின் வாயில், ஒரு பெயர்ப் பலகை தெரிந்தது. 'எல்லா வண்டிகளுக்கும் சீட் கவர் தைத்துத் தரப்படும்.' அக்காவின் கடை.

பாலம் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்வது. நடுவில் உயரமான தூண்களுக்கு இடையே ஓடை ஓடும். இரு ஓரங்களிலும் தூண்கள் உயரம் குறைந்து, பாலம் ஊருக்குள் வந்துவிடும். அந்த ஓர வளைவுகளில் ஒன்றின் வழியே சாலை போனது. மற்ற வளைவுகளை முன்னும் பின்னும் சுவர் எழுப்பி, ஷட்டர் போட்டு, கடைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பஞ்சர் கடை, பழைய பேப்பர் கடை, அதற்கு அடுத்தது அக்கா கடை. தலைக்கு மேல் ரயில் போகும்போது அலமாரியில் நூல்கண்டுகள் குலுங்கும். அக்கா பேச்சை நிறுத்த மாட்டாள், குரலை மட்டும் கூட்டிக்கொள்வாள். ரயில் போன பிறகும் அந்தக் குரல் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டதாக மாமா சொல்வார்.

பாலத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் எதிர் வரிசையில் இருந்த பல் டாக்டரிடம் போக வேண்டும். வேண்டாம் என்றாலும், பல்வலி வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவரிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். மலையடிவாரக் குவாரியிலிருந்து கல் வந்தது, மரத்தால் வளைவு கட்டி அதன்மேல் கல்லை அடுக்கி, நடுக்கல் இறங்கிய பிறகு மரத்தை உருவினார்கள், பாதி வேலையில் பள்ளத்தாக்கில் காய்ச்சல் பரவி ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், ஒரு பருவம் முழுக்க வேலை நின்றது, பிறகு வேறு ஆட்கள் வந்து முடித்தார்கள். முதலில் தாது ஏற்றிய வண்டிகள், பிறகு மனிதர்கள். ஒரு பெருவெள்ளத்தில் கீழே இருந்த சாலைப் பாலம் அடித்துக்கொண்டு போனது. கல் பாலம் அசையவில்லை. "இப்ப துப்புங்க" என்பார் கடைசியில்.

அந்தப் பல் டாக்டர்தான் பாலப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். குழு எதற்கு என்றால், பாலத்தை இடிக்க வேண்டும் என்று சாலைத் துறை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சாலை போகும் வளைவு குறுகல். எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். யார் பின்னால் போவது என்பதில் அடிக்கடி கைகலப்பு. கல் பாலத்தை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டால் கீழே அகலமாகச் சாலை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். இடிப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தொப்பை போதாதா?

குட்டி அன்றைக்கே அக்கா கடைக்குப் போனாள். ரெக்ஸின் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் ஏறின. மாமா மிஷினில் குனிந்திருந்தார். அக்கா ஒரு வேன்காரரிடம், அவர் கேட்ட சிவப்பு அழுக்குத் தாங்காது என்று வாதாடிக்கொண்டிருந்தாள். குட்டி அண்ணாந்து பார்த்தாள். வளைவின் அடிப்பகுதி தெரியவில்லை. கடை முழுக்கத் தகரத்தில் பொய்க்கூரை போட்டு வெள்ளை அடித்திருந்தது.

வேன்காரர் பழுப்பு நிறத்துக்குச் சம்மதித்துப் போன பிறகு குட்டி சொன்னாள். "அக்கா, இந்தத் தகரத்தைக் கழட்டணும்."

"எதுக்கு?"

"மேல என்ன நடக்குதுன்னு பார்க்கணும்."

"மேல ரயில் நடக்குது. வேற என்ன நடக்கும்?"

"விளையாடாத. வளைவுக்கு அடியில சின்னச் சின்னதா ஓட்டை விட்டிருப்பாங்க. பெய்யற மழையெல்லாம் உள்ள இறங்கி அது வழியாத்தான் வெளிய வரணும். அதெல்லாம் எங்க?"

"அதுவா? அடைச்சாச்சு." அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். "நான்தான் ஆள் வச்சு சிமென்ட் போட்டு அடைச்சேன். பூச்சும் பூசியாச்சு. அதுக்கு மேலதான் தகரம்."

"யாரைக் கேட்டு அடைச்ச?"

"யாரைக் கேக்கணும்? கட்டு கட்டா ரெக்ஸின் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சுக் குப்பையில போட்டேன். உங்க ஆபீஸ் படி ஏறி ஏறி என் செருப்புதான் தேஞ்சுது. ஒருத்தனும் வரல. அப்புறம் உனக்கு முன்னாடி இருந்த ஆபீசர் வந்து பார்த்துட்டு, 'அட, சுவர் நல்லாக் காஞ்சிருக்கே'ன்னு பாராட்டிட்டுப் போனார். தெரியுமா?"

"வெளிய காஞ்சிருக்கு. உள்ள முழுக்கத் தண்ணி நிக்குது. அது போக வழியில்லாம பக்கச் சுவரைத் தள்ளுது. நான் இதை எழுதியாகணும்."

"எழுதினா?"

"கடையைக் காலி பண்ணச் சொல்வாங்க."

மிஷின் நின்றது. மாமா தலையைத் தூக்காமலே ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ" என்றாள் அக்கா. "உன்னை மாடியில குடி வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். தகரத்துல எவனாவது கை வச்சான்னா, கத்தரிக்கோலு பேசும்."

குட்டி எழுதினாள். வேறு வழியில்லை. உப்பிய சுவரில் ஓடிய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். முதல் கண்ணாடி உடைந்தபோது, ரயில் அதிர்வாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னொன்று ஒட்டினாள். அதுவும் உடைந்தது. அறிக்கை மேலே போனதும், பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடைகளுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பஞ்சர் கடையும் பேப்பர் கடையும் முனகிக்கொண்டே இடம் பார்க்கக் கிளம்பின. அக்கா நோட்டீஸை ஷட்டரிலிருந்து கிழித்து, பசை டப்பாவுக்கு மூடியாகப் போட்டாள்.

சாலைத் துறைக்காரர்கள் அந்த அறிக்கையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். பாலம் பலவீனம், ரயில்வேயே ஒப்புக்கொண்டது என்று. பல் டாக்டர் குட்டியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன மேடம், உங்களை நம்ம ஆளுன்னு நெனச்சேன். கத்தியைத் தீட்டி அவங்க கையில குடுத்துட்டீங்களே!"

"டாக்டர், சொத்தைப் பல்லைப் பார்த்தா பேஷன்ட் மனசு நோகுமேன்னு நல்லாருக்குன்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். ஆனா உடனே பிடுங்கவும் மாட்டேன்."

"நானும் பிடுங்கச் சொல்லலையே. வளைவு கெட்டிதான். சுத்தியலால தட்டிப் பார்த்தேன், வெளி ஓரமெல்லாம் கணீர்னு இருக்கு. பக்கச் சுவர் மட்டும்தான் பிரச்சினை. உள்பக்கம் பார்த்தாத்தான் என்னால அதை நிரூபிக்க முடியும். பார்க்க விடாதது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

டாக்டருக்குத் தெரியும். அவருடைய கிளினிக் நாற்காலிக்கு உறை தைத்தவளே அக்காதான். "அவங்ககிட்ட நான் பேச மாட்டேன்பா" என்று எழுந்துகொண்டார்.

குட்டியின் மேலதிகாரி, அலுவலகத்தில் எல்லோரும் பெரியவர் என்று சொல்லும் மனிதர், சுருக்கமாகப் பேசினார். "இங்க பாரும்மா. வளைவு முழுசா நல்லா இருக்குன்னு நீ காட்டினா, ரிப்பேர் பண்ணலாம்னு நான் பேசறேன். காட்டலேன்னா இடிக்கிறதுதான். உங்க அக்காங்கறதுக்காகப் போலீஸைக் கூப்பிடத் தயங்கறியா?"

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"டைம் நான் குடுப்பேன். மழை குடுக்குமா?"

வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கான மோட்டார் சுவிட்ச் கீழே அக்காவின் சமையலறையில் இருந்தது. அக்கா தன் குடங்கள் நிரம்பியதும் மோட்டாரை அணைத்துவிடுவாள். மாடிக் குழாயில் காற்றுதான் வரும். ஒருநாள் காலையில் சோப்புப் போட்ட முகத்தோடு குட்டி நிற்க, மாமா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருப்பா" என்றார்.

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் என்னைக்குச் சொல்லி அவ கேட்டிருக்கா? ஆனா ஒண்ணு குட்டி. அவ கடைக்காக மட்டும் கோவப்படல. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சப்ப அவளை யாருமே மதிக்கல. அவளா ஒரு வழி கண்டுபிடிச்சா. அது தப்புன்னு கடைசியில சொன்னது சொந்தத் தங்கச்சி. அதான் பொறுக்கல."

முகத்தைக் கழுவிக்கொண்டே குட்டி யோசித்தாள். அக்கா படியேறிய அந்த அலுவலகத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது அவள்தானே.

மழை ஒரு மத்தியானம் தொடங்கியது. விட்டு விட்டுப் பெய்து, மறுநாள் பிடித்துக்கொண்டது. குட்டி குடையோடு பாலத்தடியில் நின்றாள். மூன்றாவது கண்ணாடி அவள் கண்ணெதிரே உடைந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை, ஒரு கோடு ஓடியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மேலே கரகரவென்று ஒரு சத்தம். உப்பிய சுவரிலிருந்து ஒரு கல், தலையணை அளவு இருக்கும், கழன்று பெயர்ப் பலகையை உடைத்துக்கொண்டு கடை வாசலில் விழுந்தது. அங்கே மாமாவின் சைக்கிள் நின்றிருந்தது. சைக்கிள் இரண்டாக மடிந்தது. மாமா அதைப் பூட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தார்.

குட்டி முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். "ரயிலை அனுப்பாதீங்க. நான் சொல்றவரைக்கும் அனுப்பவே அனுப்பாதீங்க." பிறகு கத்தினாள். "அக்கா! மாமா! முன்னாடி வராதீங்க! பின் ஷட்டர் வழியா வெளிய வாங்க!"

அவர்கள் பின்பக்கமாக ஓடி, சுற்றிக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக் திண்ணையில் வந்து நின்றார்கள். அக்கா நனைந்திருந்தாள். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. மடிந்து கிடந்த சைக்கிளையே பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் தோளைத் தொட்டு, கையைத் தொட்டு, ஏதும் குறையவில்லை என்று சரிபார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இப்ப என்னடி பண்ணணும்?" என்று குட்டியிடம் கேட்டாள். நோட்டீஸ் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"தண்ணிய வெளிய விடணும். ஓட்டை எங்க எங்க இருக்குன்னு சொல்லு. பூச்சு பூசினதால ஒண்ணுமே தெரியாது."

"நானே வந்து காட்டறேன்."

"நீ உள்ள வரக் கூடாது. பின் ஷட்டர்கிட்ட நின்னு சொல்லு."

குட்டியும் மேஸ்திரியும் நான்கைந்து ஆட்களும் தலைக்கவசத்தோடு பின்பக்கமாக உள்ளே போனார்கள். வளைவுக்கு உள்ளே நிற்பதில் ஆபத்துக் குறைவு, ஆபத்தெல்லாம் முன்பக்கச் சுவருக்குக் கீழே. தகரத்தை நெம்பி இறக்கினார்கள். அக்கா வெளியிலிருந்து, ரயிலோடு போட்டி போட்டு வளர்ந்த அந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலண்டர் ஆணிக்கு இடது பக்கம்! இன்னும் இடது! அது இல்லப்பா, அது நான் விளக்கு மாட்டினது! மேல, மேல!"

துளைக்கும் கருவி சிமென்டுக்குள் இறங்கியது. முதலில் ஈரமான தூள் வந்தது. பிறகு கருவியே பின்னால் தள்ளப்பட்டது. பழுப்பாக, கம்பம்போல, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மேஸ்திரி முழுக்க நனைந்து "அம்மாடி" என்றார். அடுத்த துளை, அதற்கடுத்த துளை. ரெக்ஸின் சுருள்கள் மிதந்தன. ஸ்பாஞ்சுகள் ஊறிப் பருத்தன. மிஷினின் பாதம் மூழ்கியது. வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், சுண்ணாம்பும் மண்ணும் கலந்து, பின் ஷட்டர் வழியாக வெளியேறி, அக்காவின் காலைச் சுற்றிக்கொண்டு ஓடையை நோக்கிப் போனது. அவள் நகரவில்லை. தன் சரக்கு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே, "வலது பக்கம் இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள்.

பொழுது சாயும்போது தண்ணீர் சொட்டாகிவிட்டது. அன்றிரவு குட்டி ஒட்டிய புதுக் கண்ணாடி மறுநாள் காலையில் முழுசாக இருந்தது. அடுத்த நாளும் இருந்தது.

பூச்சைச் சுரண்டி எடுத்ததும் வளைவின் அடிவயிறு வெளிச்சத்துக்கு வந்தது. குட்டி சாரத்தில் ஏறி ஒவ்வொரு கல்லாகத் தட்டினாள். எல்லாம் கணீரென்றன. பல் டாக்டர் தன் நெற்றி விளக்கோடு வந்துவிட்டார். கல்தச்சர்கள் தாம் கொத்திய கல்லில் தம் அடையாளத்தைச் செதுக்குவது வழக்கம். தூண் பக்கத்திலிருந்து சீப்பு வடிவில் ஓர் அடையாளம் வரிசையாக வந்து, வளைவின் பாதியில் நின்றுபோனது. அதற்கு அப்புறம் எல்லாக் கல்லிலும் வேறு குறிகள்.

"காய்ச்சல்" என்றார் டாக்டர். குரல் தாழ்ந்துவிட்டது. "இங்கதான் மேடம் வேலை நின்னிருக்கு. சீப்புக்காரன் திரும்பி வரல."

குட்டி வேறொன்றைக் கவனித்தாள். குறி மாறிய இடத்திலிருந்து கல் இடுக்குகள் அகலமாக இருந்தன. பின்னால் வந்தவர்கள் அவசரமாகக் கட்டியிருக்கிறார்கள். பாலத்திலேயே இந்த வளைவில் மட்டும் தண்ணீர் இவ்வளவு சொட்டியதற்கும், அக்கா ரெக்ஸினைக் குப்பையில் போட்டதற்கும் அதுதான் தொடக்கம். அதை டாக்டரிடம் சொன்னாள். அவர் சீப்பைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

வளைவு கெட்டி என்று காட்டியாகிவிட்டது. பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேலே தண்டவாளத்தை எடுத்து, நனைந்த மண்ணை வாரிக் கொட்டி, தண்ணீர் இறங்காதபடி தளம் போட்டு, வடிகால் விட்டார்கள். இரண்டு பக்கச் சுவர்களையும் குறுக்கே இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். சிமென்டைத் தொடக் கூடாது, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புதான் என்று குட்டி பிடிவாதமாக நின்றாள். விழுந்த கல்லையே மறுபடி அதன் இடத்தில் வைத்தார்கள்.

சாலைத் துறையின் வாயை அடைத்தது பல் டாக்டரின் யோசனை. கடைகள்தான் காலியாகிவிட்டனவே, முன்சுவரையும் பின்சுவரையும் எடுத்துவிட்டால் போவதற்கு ஒரு வளைவு, வருவதற்கு ஒரு வளைவு என்று ஆகிவிடாதா? அளந்து பார்த்தார்கள், சரியாக வந்தது. இடிக்கும் பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் புதிதாகச் சாலை போன வளைவு எது என்றால், அக்கா கடை இருந்த வளைவுதான்.

"என் மிஷின் இருந்த இடத்துல லாரி போகுது" என்று அக்கா மாமாவிடம் சொன்னாள். குட்டிக்கும் கேட்கட்டும் என்று மாடிப் படியடியில் நின்று சொன்னாள். மோட்டாரை மட்டும் அணைக்காமல் விட்டாள். நஷ்ட ஈட்டுக்காக அலையும் வேலையை இந்த முறை குட்டி தன் தலையில் போட்டுக்கொண்டாள். தன் அலுவலகத்திலேயே மேசை மேசையாக நின்றாள். வந்தது போதாது. ஆனால் வந்தது.

ஊரில் தோதான கடை அமையவில்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊரில், பஸ் டிப்போ அருகில், நல்ல இடம் ஒன்று கிடைத்தது. டிப்போ பக்கத்தில் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. மாமா விடிகாலையிலேயே போய்க் கடையைத் திறந்துவிடுவார். அக்கா வீட்டு வேலையை முடித்துக்கொண்டு காலை ரயிலில் போவாள். பாலத்துக்கு அடியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள், அதன் மேலே போனதே இல்லை.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாள், குட்டி இரவு முழுக்கச் சோதனை ஓட்டத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். போன் அடித்தது. அக்கா.

"குட்டி, பாலத்து மேல வந்துட்டேன்."

குட்டி எழுந்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கு?"

"எது?"

"பாலம்."

"அது எங்கடி தெரியுது? ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியல. அந்தப் பக்கமும் வானம், இந்தப் பக்கமும் வானம். கொஞ்சங்கூட ஆடல. இதுக்கா இவ்வளவு பாடு?"

"ஆடாம இருக்கத்தான் அக்கா பாடு."

"சரி சரி." ரயில் சத்தத்தை மீறிக் குரல் கணீரென்று வந்தது. "இங்கேயிருந்து நம்ம மொட்டை மாடி தெரியுது. உன் புடவை ஒண்ணு கொடியில பறந்துட்டுக் கெடக்கு. க்ளிப் போட மாட்டியா? காத்துல போச்சுன்னா ஓடையிலதான் தேடணும்."

குட்டி போனைக் காதில் வைத்தபடியே மொட்டை மாடிக்கு ஏறினாள். ரயில் பாலத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. அக்கா எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. பொதுவாக ரயிலைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, புடவைக்கு க்ளிப் போட்டாள்.